பள்ளத்துக் காட்டில் ஒரு நகர்

செங்காட்டுப்புதூர் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம், சுப்பண்ணன் தன் மனைவி பழனாயியின் பெயரில் மனுப் போட்டார். தோட்டம், காடு, கிணறு என்று வசதியான குடும்பம். மகன் அருண்குமார் திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறான். எதிர்த்து நின்றவர்கள் பேருக்குத்தான் நின்றார்கள். பழனாயி ஜெயித்த மறுநாளிலிருந்து ஊரார் சுப்பண்ணனைப் 'பிரசிடெண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழனாயி வழக்கம்போல மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். ஊராட்சி எழுத்தர் கன்னையன் வீட்டுக்குக் கொண்டுவரும் காகிதங்களில், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவளுக்கு இருந்த வேலை.

ஒருநாள் காலையில் கங்கா நகர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலில் வந்து நிற்காமல் இருந்திருந்தால், ஐந்து வருஷமும் அப்படியே போயிருக்கும்.

"பிரசிடெண்ட் ஐயா இருக்காருங்களா?" முன்னால் நின்ற பெண் கேட்டாள். பெயர் வேல்விழி. ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவள்.

"அவரு சந்தைக்குப் போயிருக்காருங்க" என்றாள் பழனாயி. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போக இரண்டு பேர் அடியெடுத்துவிட்டார்கள். பழனாயிக்கு என்னவோ போலிருந்தது.

"பிரசிடெண்டு நான்தானுங்க" என்றாள். அதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "என்னன்னு சொல்லுங்க."

"சொன்னா விளங்காதுக்கா. வந்து பாருங்க."

பழனாயி கையைக் கழுவிக்கொண்டு அவர்களோடு நடந்தாள்.

கங்கா நகர் ஊருக்குக் கிழக்கே, சோளக்காடாக இருந்த இடம். யாரோ வாங்கிப் பிரித்து விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். முந்தைய தலைவர் காலத்தில் ஊராட்சி அனுமதி கிடைத்தது. தேனி, மதுரை, விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததைப் போட்டு ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். கங்கை பெயரில்தான் இருந்தது. குழாய் இல்லை. போர் போட்டால் சாயம் கலந்த உப்புத் தண்ணீர் வந்தது. சாக்கடை என்று ஒன்று கட்டப்படவே இல்லாததால், ஒரு வீட்டுக் கழிவு அடுத்த வீட்டு வாசலில் போய்த் தேங்கி, அங்கிருந்து எங்கே போவதென்று தெரியாமல் கறுத்துக் கிடந்தது.

"போன வருசம் சிக்குன்குனியா வந்துச்சுல்ல, எங்க தெருவுல தப்பின வீடு இல்ல" என்றாள் வேல்விழி. "என் மகன் தனுஷு சுவத்தப் பிடிச்சுத்தான் நடந்தான். நான் ஒரு மாசம் மிசின மிதிக்க முடியாமக் கெடந்தேன்."

பழனாயி சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் கடைசி வரை போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது வேல்விழி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். லாரித் தண்ணீர். விலைக்கு வாங்கியது என்று தெரிந்ததால் பழனாயி இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டாள்.

"இத வித்துட்டுப் போயிரலாம்னு இருக்கோம்க்கா. உங்க மகன் அருண் சார் கம்பெனியிலதான் நான் டெய்லரு. அவரு ஜனனி கார்டன்னு புதுசா சைட்டுப் போடுறாருல்ல? ரோடு, தண்ணி, சாக்கடை எல்லாம் இருக்கும்னு நோட்டீசுல போட்டிருக்கு. உங்க மகன்னா நம்பி வாங்கலாம்ல?"

பழனாயி செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "விசாரிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அருண்குமார் வந்ததும் சைட்டு வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். அவன் சந்தோஷமாகவே விரித்துக் காட்டினான். தன் மகள் ஜனனியின் பெயரைத்தான் சைட்டுக்கு வைத்திருந்தான். அந்த இடம் அவர்களுடைய குடும்பத்து மானாவாரிக் காடு. நடுவில் ஓர் ஓடை போவதால் பள்ளத்துக் காடு என்று பெயர். அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். மேற்கே மேட்டுநிலத்தில் பெய்யும் மழை அந்தப் பள்ளத்தில் இறங்கி, கங்கா நகருக்கு வடக்காகச் சுற்றிக் குட்டையில் போய்ச் சேரும்.

"பள்ளம் எங்க கண்ணு? காணம்?"

"மூடியாச்சுங்கம்மா. அதுல தண்ணி வந்தே வருஷக்கணக்காச்சு. அந்த எடத்துல மட்டும் ஒரு வரிசை சைட்டு வருது."

"சாக்கடை?"

"வாங்கறவங்க அவங்கவங்க செப்டிக் டேங்க் கட்டிக்குவாங்க."

"நோட்டீசுல சாக்கடைன்னு போட்டிருக்குதாமா?"

"எல்லாரும் போடறதுதானுங்க அது."

"குடிக்கத் தண்ணி?"

"பஞ்சாயத்துல குடுப்பாங்க."

"பஞ்சாயத்துன்னா ஆரு கண்ணு? நான்தானே? என்கிட்ட ஏது தண்ணி?"

அருண்குமார் சிரித்துவிட்டான். அம்மா வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்தான். வரைபடத்தின் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினான். பழனாயி பேனாவைத் தொடவில்லை.

"பள்ளத்தத் தெறந்து உடு. சாக்கடை கட்டு. தனியா ஒரு மேல்தொட்டி வையி. அப்பறம் போடறேன்."

"மத்த பஞ்சாயத்துல எல்லாம் ஒரே நாள்ல போட்டுத் தர்றாங்க. பெத்த அம்மா நீங்க போட மாட்டீங்களா?"

சுப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பையன் கேக்கறான், போட்டுக் குடேன்" என்றார். பழனாயி எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராமசபைக் கூட்டத்தில் விஷயம் ஊருக்கே வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் எல்லா வருஷமும் இருபது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் கூட்டம். அந்த வருஷம் உட்கார இடமில்லை. தென்னந்தோப்புக்காரரும் வார்டு உறுப்பினருமான லிங்கசாமி முதலில் எழுந்தார்.

"இருக்கறது ஒரே ஒரு டேங்கு. ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. கங்கா நகருக்குக் கொழாய் போடப் போறதாச் சொல்றாங்க. அக்கட்டால ஜனனி கார்டனும் வந்தா எங்கூட்டுக்கு எங்கிருந்துங்க தண்ணி வரும்? வெளியூர்க்காரங்களுக்கு ஊரையே எழுதிக் குடுத்தர்றதுங்களா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து வேல்விழியின் கணவன் ஜெயபாண்டி குரல் கொடுத்தான். அவன் கட்டிங் மாஸ்டர். சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாதவன்.

"எங்க ரேசன் கார்டு, ஓட்டு, பிள்ளைக பள்ளிக்கூடம் எல்லாம் இங்கதான் இருக்கு. நாங்க இன்னும் எத்தன வருசத்துக்குங்க வெளியூரு?"

இரண்டு பக்கமும் சத்தம் கூடியது. சுப்பண்ணன் அமைதிப்படுத்த எழுந்தார். அதற்குள் பழனாயி எழுந்துவிட்டாள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் முதல் வார்த்தை இரைந்தது.

"லிங்கசாமியண்ணன் கேக்கறது நியாயந்தானுங்க. அந்தத் தம்பி கேக்கறதும் நியாயந்தான். தண்ணி பத்தாதுன்னு தெரிஞ்சும் சைட்டுக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ரெண்டு பக்கமும் சண்டதான் போட்டுக்குவாங்க. என்ற பையன் சைட்டானாலும் சரி, ஆரு சைட்டானாலும் சரி. பள்ளம் தெறந்திருக்கோணும். சாக்கடை கட்டோணும். தனியா மேல்தொட்டி வெக்கோணும். அதுக்கப்பறந்தான் கையெழுத்து."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அருண்குமார் அன்றைக்கே மனைவியையும் ஜனனியையும் கூட்டிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். "ஊருக்கு முன்னால பையன உட்டுக் குடுத்துட்டியே" என்றார் சுப்பண்ணன். "ஊட்ல சொன்னேன், கேக்கலீங்களே" என்றாள் பழனாயி. பேத்தியின் சைக்கிள் முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. அதைத் துடைத்து உள்ளே வைத்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜனனி கார்டன் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கன்னையனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து விரித்து வைத்தார். பேனாவைத் திறந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கறுத்த தண்ணீரும், வேல்விழி நம்பிக்கையோடு கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தபடியே இருந்தன.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அதைச் சுப்பண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தார். அடுத்த நாள் அருண்குமாரின் நண்பர்கள் இரண்டு பேர் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா போட்டுருவாங்க" என்று கேட்டபோது, "பிரசிடெண்டு உள்ள இருக்கறாங்க, அவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

கையெழுத்து வராவிட்டாலும் அருண்குமார் சைட்டை நிறுத்தவில்லை. அப்ரூவல் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன்களில் ஆட்களைக் கூட்டிவந்தான். சிவப்புக் கொடிகள், பந்தல், தக்காளி சாதம், குலுக்கலில் தங்கக் காசு. வேல்விழியும் பக்கத்து வீட்டு ரோஸ்மேரியும் போனார்கள். வாங்குகிற எண்ணம் வேல்விழிக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் புரோக்கரிடம் கேட்டாள்.

"அண்ணே, மழை பெஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"மேடான எடம்மா. தண்ணியே நிக்காது."

"சாக்கடை எங்கிட்டு வருது? காட்டுங்க, பாத்துக்கிறோம்."

புரோக்கர் வேறு பக்கம் திரும்பினார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் காது கொடுத்தார்கள். ரோஸ்மேரி அவர்களிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "நாங்க கங்கா நகரு. எங்களுக்கும் இப்பிடித்தான் பந்தல் போட்டுச் சோறு போட்டாங்க. இங்கயிருந்து அஞ்சு நிமிசம். ஒரு எட்டு எங்க தெருவையும் பாத்துட்டு வந்து வாங்குங்க."

ஒரு குடும்பம் கிளம்பியது. பின்னாலேயே பாதிக் கூட்டம் கிளம்பியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. தக்காளி சாதம் ஆறிக் கிடந்தது. அருண்குமார் காரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சூப்பர்வைசர் வேல்விழியைக் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் திருப்பூரில் எல்லாக் கம்பெனி வாசலிலும் 'டெய்லர் தேவை' என்ற பலகை தொங்கியது. அந்த வாரமே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் பழகிய தையல் லைனை விட்டு வந்தது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அருண்குமார் அம்மாவுக்குப் போன் செய்தான். "நீங்கதான் ஏவி உட்டீங்களா?"

"நான் ஆரையும் ஏவல கண்ணு. ஆனா கேள்வி கேட்டதுக்கு அந்தப் புள்ளைய வேலைய உட்டு நிறுத்துனது தப்பு."

அவன் வைத்துவிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வருஷக்கணக்காக அப்படி ஒரு மழை பெய்ததில்லை. இரவு முழுக்கக் கொட்டிவிட்டு விடிந்த பிறகும் விடாமல் பெய்தது. அன்று காலை ஆள் ஏற்றப் போன கம்பெனி வேன் வெறுமனே திரும்பி வந்தது. கங்கா நகருக்குள் நுழைய முடியவில்லை என்றார் டிரைவர். அருண்குமார் லைனுக்குள் போய்ப் பார்த்தான். பாதி மிஷின்களுக்கு ஆள் இல்லை. அவனுடைய டெய்லர்களில் அத்தனை பேர் கங்கா நகர்க்காரர்கள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் ஷிப்மெண்ட். வேனைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

முதல் தெரு முனையிலேயே சக்கரம் புதைந்தது. இறங்கினால் முழங்கால் வரை தண்ணீர். வீட்டுக்குள் கட்டில்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சட்டியால் தண்ணீரை மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது வெளியே போய், வாசல் வழியாகத் திரும்பவும் உள்ளே வந்தது. அவன் கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி அவனைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துருவோம் சார்" என்றாள். லீவு போட்டதற்குத் திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தாள்போல. அவனுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜெயபாண்டியும் நாலைந்து ஆண்களும் வந்து வேனைத் தள்ளிவிட்டார்கள்.

"எல்லா மழைக்கும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டான் அருண்குமார்.

"முன்னாடி தெருவோட நின்னுரும் சார். இந்தத் தடவதான் வீட்டுக்குள்ள வருது."

"எங்கிருந்து வருது?"

ஜெயபாண்டி மேற்கே கையைக் காட்டினான். அருண்குமார் வேனை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீர் வருகிற பக்கம் நடந்தான். காடு முழுக்கச் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவனுடைய சைட்டின் நடுவிலிருந்து வந்தது. மேட்டுநிலத்துத் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி வந்து, அவன் மண் கொட்டி மூடிய இடத்தில் முட்டி, போக்கிடமில்லாமல் தெற்கே திரும்பி நேராகக் கங்கா நகருக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மனைகளுக்கு அவன் நட்ட மஞ்சள் எல்லைக் கற்கள் சில சாய்ந்தும் சில காணாமலும் போயிருந்தன. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்போனைச் சட்டைக்குள் மறைத்தபடி ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டான்.

பழனாயியும் சுப்பண்ணனும் கங்கா நகர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, சாப்பாட்டு ஏற்பாட்டில் இருந்தபோது செய்தி வந்தது. இருவரும் பள்ளத்துக் காட்டுக்கு வந்தார்கள். ஜேசிபி கடைசி மண்ணை வாரிக்கொண்டிருந்தது. அடைப்பு விட்டதும் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. பிறகு மொத்தமாகப் பள்ளத்தில் விழுந்து வடக்கே ஓடியது. பொழுது சாய்வதற்குள் கங்கா நகர்த் தெருவில் சேறு தெரிய ஆரம்பித்தது.

அருண்குமார் அம்மாவைப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை செம்மண்.

"நான் மூடுனதுதானுங்கம்மா இது" என்றான்.

"காலைல சாப்பிட்டியா கண்ணு?" என்றாள் பழனாயி.

அவன் தலையாட்டினான். இல்லை என்கிற மாதிரியும் இருந்தது, அழாமலிருக்கத் தலையாட்டுகிற மாதிரியும் இருந்தது. சுப்பண்ணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

அன்றைக்கே அவன் வேல்விழி வீட்டுக்குப் போனான். அவள் நனைந்த பாயைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டான். நிறுத்தியது தவறு என்றும் சொன்னான்.

"பரவால்ல சார்" என்றாள் வேல்விழி. "ஆனா இப்ப சேந்த எடத்துல நல்லா இருக்கேன். இந்தத் தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க. நாங்க வீட்ட விக்காம இங்கனயே இருந்துக்கிறோம்."

வழி பண்ண ஒரு வருஷம் ஆனது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த மனைகளை அருண்குமார் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டான். பள்ளத்துக்கு இரு கரையும் கல் வைத்துக் கட்டினான். ஜனனி கார்டனுக்கென்று ஒரு மேல்தொட்டி எழும்பியது. சாக்கடையைக் குட்டைப் பக்கம் கொண்டுபோக லிங்கசாமியின் தோப்பு ஓரமாகத்தான் போக வேண்டும். அவர் முதலில் முடியவே முடியாது என்றார்.

"அந்தத் தண்ணி என்ற கெணத்துக்குள்ள எறங்குனா நான் என்னங்க பண்றது?"

பழனாயி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒன்றியத்துப் பொறியாளரைக் கூட்டிவந்து தோப்பில் உட்காரவைத்து, லிங்கசாமி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கச் சொன்னாள். இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே அவர் கேட்டார். கடைசியில் சிமெண்டுக் குழாயில் கொண்டுபோவது, குட்டைக்கு முன்னால் தொட்டி கட்டித் தெளியவைத்து விடுவது என்று முடிவானது. "கசிஞ்சா நானே மண்ணப் போட்டு அடச்சுருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். கங்கா நகர்ச் சாக்கடையையும் அதே குழாயில் சேர்த்தார்கள். குழி வெட்டிய அன்றைக்கு ஜெயபாண்டி தெரு ஆண்களை லீவு போடவைத்துக் கூட்டிவந்தான். ஊர்க்காரர்களும் சிலர் வந்தார்கள். பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றை மட்டும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கங்கா நகரில் தெருவிளக்கு இன்னும் பாதித் தெருவுக்குத்தான். போர்த் தண்ணீரில் சாயம் அப்படியேதான் இருக்கிறது. கங்கா நகருக்கும் குழாய் வந்து, ஆற்றுத் தண்ணீர் முறைவைத்து ஊர், கங்கா நகர், ஜனனி கார்டன் என்று மூன்று இடத்துக்கும் போகிறது. யாருக்கும் போதவில்லை, யாருக்கும் இல்லாமலும் போகவில்லை. முறை தவறினால் லிங்கசாமியும் ரோஸ்மேரியும் ஒன்றாகவே வந்து பழனாயியிடம் சண்டை போடுகிறார்கள்.

ஜனனி கார்டனுக்குப் பழனாயி கையெழுத்துப் போட்டபோது அருண்குமார் பக்கத்தில்தான் இருந்தான். அவன் குடும்பம் அனுப்பர்பாளையத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. நினைத்த அளவுக்கு மனை விற்கவில்லை என்று அவனுக்குக் குறைதான். ஆனால் வாங்கியவர்கள் உடனே வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தை மாதம், ஊருக்குத் தெற்கே சின்னான் என்பவர் தன் காட்டைச் சைட்டுப் போட விண்ணப்பித்தார். கன்னையன் காகிதங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலையும் வைத்தார்.

"உங்க வண்டில பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் பழனாயி.

"இருக்குதுங்க. ஏனுங்க?"

"மொதல்ல எடத்தப் பாத்துட்டு வந்தர்லாம், வாங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.